பார்படோஸ் ஏன் முந்தியது, ஜமைக்கா எப்படி மீண்டது?

கேள்வி இதுதான்: பார்படோஸும் ஜமைக்காவும் கரீபியன் தீவுகள். இரண்டையும் ஆண்டது பிரிட்டன். இரண்டிலும் கரும்புத் தோட்டங்கள், அடிமைகளின் வழிவந்த மக்கள், ஆங்கிலம், ஆங்கிலேயச் சட்டம். கிரிக்கெட்டில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அணி. போதாக்குறைக்கு ஜமைக்காவின் மண்ணில் அலுமினியத் தாதுவான பாக்சைட் வேறு கொட்டிக் கிடக்கிறது. பிறகு எப்படிப் பார்படோஸ் பணக்கார நாடாகவும் ஜமைக்கா கடன்கார நாடாகவும் ஆயின?

கேள்வியின் முன்பாதியில் குறையில்லை. பின்பாதி கொஞ்சம் பழையதாகிவிட்டது. வருமானத்தில் பார்படோஸ் இன்றும் வெகுதூரம் முன்னால் இருக்கிறது. ஆள்வீத உற்பத்தி ஜமைக்காவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் 2018 ஜூன் மாதம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்தது பார்படோஸ்தான். அதே காலத்தில் தன் கடன் சுமையைப் பாதிக்கு மேல் குறைத்து, பன்னாட்டு நிதியம் (ஐ.எம்.எஃப்.) மற்ற நாடுகளுக்கு எடுத்துக்காட்டும் அளவுக்கு ஒழுங்குக்கு வந்தது ஜமைக்கா. ஆகவே முந்தியதற்கும் காரணம் சொல்ல வேண்டும், பின்னால் இடம் மாறியதற்கும் காரணம் சொல்ல வேண்டும். என் கணிப்பில் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நாட்டுக்கு நட்டம் வந்தபோது அதை யார் எவ்வளவு ஏற்பது என்று அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசி முடிக்க முடிந்ததா, முடியவில்லையா என்பதுதான் அது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். பார்படோஸ் 430 சதுர கிலோமீட்டர், மக்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. ஜமைக்கா ஏறத்தாழ 11,000 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் 28 லட்சம். பார்படோஸ் பெரும்பாலும் சமதளமான பவழப் பாறை, ஜமைக்கா மலைநாடு. இந்த மலைக்கு ஒரு பொருளாதார வரலாறு உண்டு. 1838இல் அடிமைமுறை முழுமையாக முடிந்தபோது ஜமைக்காவின் விடுதலை பெற்ற மக்கள் மலையேறினார்கள். காடு திருத்தி, கிழங்கும் வாழையும் பயிரிட்டு, தோட்டத்துரையின் தயவில்லாமல் வாழ முடிந்தது. ஆள் கிடைக்காத தோட்ட முதலாளிகள் 1845 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலில் கொண்டுவந்தார்கள். பார்படோஸில் அப்படி ஒதுங்குவதற்கு ஒரு சாண் நிலம்கூட மிச்சமில்லை. விடுதலையானவர்கள் அதே தோட்டத்தில் அதே துரையிடம் குறைந்த கூலிக்கு வேலை செய்தார்கள். இந்தியக் கூலிகளைக் கூட்டிவர வேண்டிய தேவையும் அங்கே எழவில்லை.

அரசியல் அமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. பார்படோஸின் சட்டமன்றம் 1639 முதல் அறுபடாமல் நடக்கிறது. வெகுகாலம் அது வெள்ளைத் தோட்ட முதலாளிகளின் மன்றமாகத்தான் இருந்தது என்றாலும், உள்ளூரில் பேசி முடிவெடுக்கும் பழக்கம் விட்டுப்போகவில்லை. ஜமைக்காவிலும் பழைய மன்றம் ஒன்று இருந்தது. 1865இல் கறுப்பின ஏழை மக்களின் மோரன்ட் பே கிளர்ச்சி வெடித்ததும் அங்கிருந்த முதலாளிகள் மிரண்டுபோய், மன்றத்தைத் தாங்களே கலைத்து ஆட்சியை லண்டனிடம் ஒப்படைத்துவிட்டார்கள். இரண்டு தீவுகளும் ஒரே மாதிரியான அமைப்புகளோடு சுதந்திரம் பெற்றன, பிறகு கொள்கைகளால்தான் பிரிந்தன என்று வாதிடும் பொருளியலாளர்கள் உண்டு. ஜமைக்காவில் பிறந்த பீட்டர் பிளேர் ஹென்றியும் கானராட் மில்லரும் 2009இல் எழுதிய ஆய்வு இந்த வாதத்தில் பெயர் பெற்றது. அவர்கள் சொல்வதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். ஆனால் 'ஒரே மாதிரியான அமைப்புகள்' என்பது காகிதத்தில்தான்.

இன்னொரு வேறுபாட்டை நான் இதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1937இல் பார்படோஸிலும் 1938இல் ஜமைக்காவிலும் பெரிய தொழிலாளர் கலவரங்கள் நடந்தன. அவற்றிலிருந்துதான் இரு நாட்டின் தொழிற்சங்கங்களும் கட்சிகளும் பிறந்தன. பார்படோஸில் 1941இல் உருவான பார்படோஸ் தொழிலாளர் சங்கம் ஏறக்குறைய நாடு முழுமைக்குமான ஒரே பெரிய சங்கமாக வளர்ந்தது. ஃபிராங்க் வால்காட் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் பொதுச்செயலாளராக இருந்தார். ஜமைக்காவில் அலெக்சாண்டர் பஸ்டமான்டே ஒரு சங்கத்தைத் தன் பெயரிலேயே தொடங்கினார்; அவருடைய ஜமைக்கா தொழிலாளர் கட்சி அதன்மேல் நின்றது. அவருக்கு உறவினரான நார்மன் மேன்லியின் மக்கள் தேசியக் கட்சிக்குத் துணையாக 1952இல் போட்டிச் சங்கம் ஒன்று வந்தது. பாக்சைட் சுரங்கத்திலும் சர்க்கரை ஆலையிலும் எந்தச் சங்கம் அதிகக் கூலி வாங்கித் தருகிறது என்பதே அடுத்த தேர்தலில் யாருக்கு ஓட்டு என்பதற்கு அளவுகோலானது. ஒரு சங்கம் இறங்கிவந்தால் மற்றொன்று அந்த ஆட்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இப்படிப்பட்ட இடத்தில் 'இந்த ஆண்டு கூலி உயர்வு வேண்டாம்' என்று சொல்ல எந்தத் தலைவருக்குத் துணிவு வரும்?

சுதந்திரத்துக்கு வருவோம். 1962இல் ஜமைக்கா விடுதலை பெற்றபோது அதன் எதிர்காலத்தைப் பற்றி எல்லோருக்கும் நல்ல நம்பிக்கை இருந்தது. 1952இல் பாக்சைட் ஏற்றுமதி தொடங்கி, சில ஆண்டுகளிலேயே உலகின் முதல் பாக்சைட் உற்பத்தி நாடாக அது உயர்ந்திருந்தது. அமெரிக்க, கனடிய அலுமினிய நிறுவனங்கள் வரிசையாக வந்தன. அறுபதுகளில் ஆண்டுக்கு ஐந்து சதவீதத்தை ஒட்டிய வளர்ச்சி. ஆனால் பாக்சைட் வெட்ட ஆட்கள் அதிகம் தேவையில்லை. பெரிய இயந்திரங்கள் சிவப்பு மண்ணை அள்ளிக் கப்பலேற்றிவிடும். பொருளாதாரம் வளர்ந்த அதே பத்தாண்டில் வேலையின்மை சுமார் 13 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்தைத் தாண்டியது. தலைநகர் கிங்ஸ்டனின் சேரிகள் பெருத்தன. 1972இல் நார்மன் மேன்லியின் மகன் மைக்கேல் மேன்லி பெரும் ஆதரவோடு பிரதமரானதற்கு அடிப்படை இதுதான்.

மேன்லியை வில்லனாக்கிக் கதை சொல்வது சுலபம். அது நியாயமில்லை. இலவச இடைநிலைக் கல்வி, எழுத்தறிவு இயக்கம், குறைந்தபட்சக் கூலி, சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு என்று அவர் செய்தவற்றில் பல, பார்படோஸ் அமைதியாக முன்பே செய்துகொண்டிருந்தவை. பார்படோஸின் முதல் பிரதமர் எரல் பாரோவும் சமூகநலக்காரர்தான்; அரசு இடைநிலைப் பள்ளிகளில் கட்டணத்தை 1962இலேயே நீக்கியவர். வேறுபாடு செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. 1974இல் மேன்லி அரசு பாக்சைட்மீது ஒரு தீர்வை போட்டது: அலுமினியத்தின் சந்தை விலையில் 7.5 சதவீதம். வருவாய் ஒரே ஆண்டில் பல மடங்காகியது. நிறுவனங்கள் சண்டை போட்டன, கட்டின, பிறகு மெல்ல மெல்ல உற்பத்தியை கினிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பிரேசிலுக்கும் நகர்த்தின. தீர்வை நியாயமானதுதான், ஒரு நாடு தன் மண்ணுக்கு விலை கேட்பதில் என்ன தவறு? ஆனால் குறையப்போகும் வருவாயை நிரந்தர வருவாயாக நினைத்துச் செலவைக் கூட்டியதுதான் கேடாயிற்று. எண்ணெய் விலை ஏறியது. பட்ஜெட் பற்றாக்குறையை மத்திய வங்கி நோட்டடித்து நிரப்பியது. இறக்குமதிக்கும் அன்னியச் செலாவணிக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. கடைகளில் சோப்பும் சமையல் எண்ணெயும் அரிதாயின. விருப்பமில்லாதவர்களுக்கு மயாமிக்கு நாளொன்றுக்கு ஐந்து விமானங்கள் உண்டு என்று மேன்லி சொன்னதாக இன்றும் நினைவுகூர்வார்கள். படித்தவர்களும் பணம் வைத்திருந்தவர்களும் அந்தப் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டு விமானம் ஏறினார்கள். 1980 தேர்தல் ஆண்டில் அரசியல் வன்முறையில் 800 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

அடுத்துப் பிரதமராக வந்த எட்வர்டு சியாகா வாஷிங்டனுக்கு வேண்டியவர். தாராளமாகக் கடன் கிடைத்தது, கடனும் ஏறியது. இன்று ஜமைக்காவின் 2,000 டாலர் நோட்டில் மேன்லி, சியாகா இருவரின் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது. உயிரோடு இருந்தபோது ஒரே மேடையில் நிற்கத் தயங்கியவர்கள். 2023இல் வந்த அந்த நோட்டின் மதிப்பு ஏறக்குறைய 13 அமெரிக்க டாலர். 1969இல் ஜமைக்கா டாலர் பிறந்தபோது ஒரு ஜமைக்கா டாலருக்கு 1.20 அமெரிக்க டாலர் கிடைத்தது.

பார்படோஸின் நாணயக் கதை வேறு. 1972இல் மத்திய வங்கியை நிறுவி, 1975இல் இரண்டு பார்படோஸ் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர் என்று கட்டியது. அரை நூற்றாண்டாக அந்தக் கட்டு அவிழவில்லை. தலைநகர் பிரிட்ஜ்டவுன் கடையில் அமெரிக்க டாலரை நீட்டினால் கடைக்காரர் கணக்குப் பார்க்கவே மாட்டார். பாதி, இரட்டிப்பு, அவ்வளவுதான். அங்கே இரண்டு டாலர் நோட்டு என்று ஒன்று உண்டு. அதாவது மிகச் சரியாக ஒரு அமெரிக்க டாலர். அதிலிருக்கும் படம் அரசியல்வாதியுடையதுகூட இல்லை, ஜான் ரெட்மன் போவெல் என்ற கரும்பு ஆராய்ச்சியாளருடையது. நிலையான நாணயத்தின் பயனைச் சாதாரண மக்கள் பேச்சில் சொல்லமாட்டார்கள், ஆனால் அனுபவிக்கிறார்கள். நாணயச் சரிவில் சேமிப்பு கரைவதில்லை, அந்நிய முதலீட்டாளர் பயமின்றி வருகிறார். விலையும் உண்டு. நாணயத்தின் மதிப்பைக் குறைக்க முடியாத நாடு, நெருக்கடி வந்தால் சம்பளத்தைக் குறைத்தோ வரியைக் கூட்டியோதான் சமாளிக்க வேண்டும்.

அந்த விலையைப் பார்படோஸ் 1991இல் கட்டியது. எண்பதுகளின் பிற்பகுதியில் வரியைக் குறைத்துச் செலவைக் கூட்டியதில் பற்றாக்குறை பெருகி, அன்னியச் செலாவணிக் கையிருப்பு தரைதட்டியது. பன்னாட்டு நிதியம் நாணய மதிப்பைக் குறைக்கச் சொன்னது. பிரதமர் எர்ஸ்கின் சாண்டிஃபோர்டு மறுத்துவிட்டார். அதற்குப் பதிலாக அரசு ஊழியர் அனைவருக்கும் சம்பளத்தில் 8 சதவீதத்தை வெட்டினார். ஆயிரக்கணக்கானோர் பிரிட்ஜ்டவுன் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். சம்பள வெட்டை எதிர்த்து அன்று நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கும் போனது. ஆனால் அந்தக் கோபத்துக்கு நடுவிலேயே சங்கம், முதலாளிகள், அரசு என மூன்று தரப்பும் பேச உட்கார்ந்தன. 1993இல் விலை, கூலி பற்றிய உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். இரண்டாண்டுக்குக் கூலி உயர்வு கேட்பதில்லை என்று சங்கங்கள் ஒப்புக்கொண்டன. ஆட்களை நீக்குவதையும் விலையேற்றுவதையும் கட்டுக்குள் வைப்பதாக முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். நாணயம் தப்பியது. அதே ஆண்டில் வளர்ச்சியும் திரும்பியது. சாண்டிஃபோர்டுக்குக் கிடைத்த கைம்மாறு 1994இல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் தோல்வி. அடுத்து வந்த அரசு, இனி அரசு ஊழியர் சம்பளத்தை யாரும் வெட்டக் கூடாது என்று அரசியல் சட்டத்தையே திருத்தியது.

அதே 1991இல் ஜமைக்கா என்ன செய்துகொண்டிருந்தது? அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடுகளை ஒரே வீச்சில் நீக்கியது. ஜமைக்கா டாலர் சரிந்தது. ஆண்டுப் பணவீக்கம் 80 சதவீதத்தைத் தொட்டது. பார்படோஸ் ஊழியர் 8 சதவீதத்தை வெளிப்படையாக, சம்பளச் சீட்டில் பார்த்து இழந்தார். ஜமைக்கா ஊழியர் அதைப்போல் பல மடங்கை, யாரும் அறிவிக்காமல், மளிகைக் கடையில் இழந்தார். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேசி முடிப்பதன் மதிப்பு புரியும்.

பிறகு தொண்ணூறுகளின் நடுவில் ஜமைக்காவின் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் வரிசையாக மூழ்கின. அரசு 1997இல் ஃபின்சாக் என்ற மீட்பு நிறுவனத்தை அமைத்து அவற்றைத் தூக்கி நிறுத்தியது. செலவு ஆண்டு உற்பத்தியில் ஏறத்தாழ 40 சதவீதம். அந்தக் கடன்தான் அடுத்த பதினைந்து ஆண்டுகள் நாட்டின் கழுத்தில் கிடந்தது. வரி வருவாயில் பாதிக்கும் மேல் கடனுக்கே போன ஆண்டுகள் உண்டு. பள்ளிக்கூரைக்கும் காவல்துறைக்கும் மிச்சம் என்ன இருக்கும்?

1960இலிருந்து 2002 வரை கணக்கெடுத்தால் பார்படோஸின் ஆள்வீத வளர்ச்சி ஜமைக்காவைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். தொடக்கத்தில் ஒன்றரை மடங்காக இருந்த வருமான இடைவெளி இரண்டரை மடங்கைத் தாண்டியது. இங்கே ஓர் எச்சரிக்கை. பார்படோஸில் விலைவாசி பயங்கரம். உணவுப் பொருளில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது, மதிப்புக்கூட்டு வரி 17.5 சதவீதம். வாங்கும் திறனை வைத்துக் கணக்கிட்டால் இன்றைய மூன்று மடங்கு இடைவெளி இரண்டை ஒட்டிச் சுருங்கிவிடும்.

பார்படோஸ் எதை விற்றுப் பிழைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சர்க்கரை கிட்டத்தட்ட முடிந்த கதை. அறுபதுகளின் உச்சத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் சர்க்கரை செய்த தீவில் இன்று ஓடுவது போர்ட்வேல் என்ற ஒரே ஆலை. இன்றைய பிழைப்பு சுற்றுலா. அதிலும் பிரிட்டனின் வசதி படைத்தவர்கள். ஒருகாலத்தில் குளிர்காலத்தில் லண்டனிலிருந்து கான்கார்டு விமானமே நேராக வந்து இறங்கியது. இரண்டாவது, அந்நிய நிறுவனங்களின் பதிவு அலுவலகங்கள். 1980இல் கனடாவோடு செய்துகொண்ட வரி ஒப்பந்தத்தால் கனடிய நிறுவனங்களின் பெரும் முதலீடு காகிதத்தில் இந்தக் குட்டித் தீவின் வழியாகப் போய் வருகிறது. பணக்கார நாடுகள் குறைந்தபட்ச வரி என்று நெருக்கத் தொடங்கியதும், ஒரு சதவீதம் வரை இறங்கியிருந்த நிறுவன வரியை 2024இல் பார்படோஸ் 9 சதவீதமாக ஏற்ற வேண்டிவந்தது.

ஜமைக்காவுக்கும் முதல் வரவு சுற்றுலாதான், ஆனால் வேறு வகை. மான்டிகோ பே, நெக்ரில், ஓச்சோ ரியோஸ் கடற்கரைகளில் சாப்பாடு, குடி, ஆட்டம் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய பெரிய விடுதிகள். பயணி பணத்தைத் தன் ஊரிலேயே கட்டிவிட்டு வருகிறார். சுற்றுச்சுவரைத் தாண்டி வெளியே போவது குறைவு. உள்ளூர்க் கடைக்காரிக்கும் டாக்ஸி ஓட்டுநருக்கும் சொற்பமே மிஞ்சுகிறது. அந்தச் சுவருக்குக் காரணம் குற்றங்கள். எழுபதுகளில் கட்சிகள் தத்தம் தொகுதிகளில் வளர்த்துவிட்ட ஆயுதக் கும்பல்கள் பின்னால் கட்சிகளுக்கே அடங்காமல் போயின. 2010 மே மாதம் கிங்ஸ்டனின் டிவோலி கார்டன்ஸ் பகுதியில் ஒரே ஒருவரைப் பிடிக்கப் படைகள் நுழைந்தபோது எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதற்கெல்லாம் பொருளாதார விலை உண்டு: காவலாள், இரும்புக் கம்பி, காப்பீடு, வராத முதலீடு. சுற்றுலாவுக்கு நிகராக நாட்டைத் தாங்குவது வெளிநாடு வாழ் ஜமைக்கர்கள் அனுப்பும் பணம். ஆண்டுக்கு 300 கோடி அமெரிக்க டாலருக்கு மேல். பட்டதாரிகளில் பெரும்பகுதியை ஏற்றுமதி செய்துவிட்டு அவர்களின் மணியார்டரில் வாழும் நாடு என்று கசப்பாகச் சொல்லலாம்.

இனி இடம் மாறிய கதை. 2008 உலக நெருக்கடியில் பிரிட்டிஷ் பயணிகள் குறைந்ததும் பார்படோஸ் தடுமாறியது. 1991இல் வலியை ஒரே மூச்சில் ஏற்றுக்கொண்ட நாடு, இந்த முறை பத்தாண்டுகள் தள்ளிப்போட்டது. அரசு கடன் வாங்கியது. வாங்க முடியாதபோது மத்திய வங்கியே அரசுக்குக் கொடுத்தது. நாணயக் கட்டு இருக்கும்போது நோட்டடித்தால் அது கையிருப்பைத்தான் தின்னும். 2018 மே தேர்தலில் மியா மோட்லியின் கட்சி முப்பது இடங்களையும் வென்றபோது கையிருப்பில் சில வார இறக்குமதிக்கான டாலர்தான் மிச்சம்; நிலுவைகளையும் சேர்த்தால் கடன் ஆண்டு உற்பத்தியில் 150 சதவீதத்துக்கு மேல். பிரதமராகப் பதவியேற்ற சில நாட்களில் மோட்லி வெளிக்கடன் தவணையை நிறுத்தினார். உள்நாட்டுக் கடன்பத்திரங்களின் நிபந்தனைகளும் மாற்றப்பட்டன. அதில் அடிபட்டவர்களில் நாட்டின் சொந்த ஓய்வூதிய நிதியும் ஒன்று. அரசின் பத்திரங்களை மூட்டையாக வைத்திருந்தது அதுதான். அரசு வேலையிலிருந்து சுமார் 1,500 பேர் அனுப்பப்பட்டார்கள். ஆனால் இரண்டுக்கு ஒன்று என்ற கட்டு மட்டும் தப்பியது. பழைய முத்தரப்புப் பேச்சு மீண்டும் கூடியதால்தான் அது முடிந்தது. இப்போது கடன் உற்பத்தியில் 100 சதவீதத்தை ஒட்டிய அளவுக்கு இறங்கியிருக்கிறது.

ஜமைக்கா அதற்கு ஐந்தாண்டு முன்பே தொடங்கிவிட்டது. 2013இல் அதன் கடன் உற்பத்தியில் 145 சதவீதம். மூன்றே ஆண்டுக்குள் இரண்டாவது முறையாக உள்நாட்டுக் கடன்காரர்களிடம் 'வட்டியைக் குறையுங்கள், தவணையை நீட்டுங்கள்' என்று கேட்டது. பன்னாட்டு நிதியம் வைத்த நிபந்தனை கடுமையானது: வட்டி நீங்கலாக ஆண்டுதோறும் உற்பத்தியில் 7.5 சதவீதம் உபரி. உலகில் மிகச் சில நாடுகளே இப்படி ஒரு உபரியைத் தொடர்ந்து காட்டியிருக்கின்றன. அரசு ஊழியர் சம்பளம் உறைந்தது. சாலையும் மருத்துவமனையும் பட்டினி கிடந்தன. நிதியமைச்சர் பீட்டர் பிலிப்ஸ் இதை மறைக்காமல் செய்தார் என்பதுதான் புதுமை. அரசு, வங்கிகள், வணிகர்கள், சங்கங்கள் சேர்ந்த ஒரு மேற்பார்வைக் குழு அமைந்தது. எந்த இலக்கு எட்டப்பட்டது, எது தவறியது என்று அந்தக் குழு நாட்டுக்கு வெளிப்படையாக அறிக்கை கொடுத்தது. அதன் இணைத் தலைவராக இருந்த ரிச்சர்ட் பைல்ஸ், வட்டியை இழந்த நிதி நிறுவனங்களின் தரப்பிலிருந்தே வந்தவர். பார்படோஸ் 1993இல் செய்ததை ஜமைக்கா இருபதாண்டு தாமதமாகச் செய்தது.

2015இல் வெனிசுவேலாவிடம் எண்ணெய்க்காகப் பட்ட கடனை ஏறக்குறைய பாதி விலைக்குத் திருப்பி வாங்கி முடித்ததும் கெட்டிக்கார வேலை. 2016 தேர்தலில் பிலிப்ஸின் கட்சி 32க்கு 31 என்று ஒரே இடத்தில் தோற்றது. பழைய ஜமைக்காவாக இருந்தால் புதிய அரசு எல்லாவற்றையும் கிழித்துப் போட்டிருக்கும். ஆண்ட்ரூ ஹோல்னஸ் அரசு அதே பாதையில் போனது. அவருடைய நிதியமைச்சர் நைஜல் கிளார்க் 2024இல் பன்னாட்டு நிதியத்தின் துணை நிர்வாக இயக்குநராகவே போய்விட்டார். கடன் இன்று 145இலிருந்து 60களுக்கு வந்திருக்கிறது. 2025இல் வேலையின்மை 4 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, வரலாறு காணாத அளவு. மத்திய வங்கிக்குச் சட்டப்படி சுயாட்சி கிடைத்திருக்கிறது. பணவீக்கம் குறைவாக இருப்பது ஏன் நல்லது என்று மக்களுக்கு விளக்க அந்த வங்கி ரெகே பாட்டிலேயே விளம்பரம் போட்டது. மத்திய வங்கிகளின் உலகில் அப்படியொரு காட்சியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டு தீவுகளுக்கும் பொதுவான இடி ஒன்று உண்டு, புயல். 2024 ஜூன் 29 அன்று பிரிட்ஜ்டவுனின் கென்சிங்டன் ஓவலில் இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்றதும், பெரில் புயலால் அணி அங்கேயே சில நாட்கள் மாட்டிக்கொண்டதும் நமக்குத் தெரியும். அந்தப் புயல் பார்படோஸின் மீன்பிடிப் படகுகளை நொறுக்கிவிட்டு, ஜமைக்காவின் தென்கரையில் பயிரை அழித்துவிட்டுப் போனது. 2025 அக்டோபர் 28 அன்று ஐந்தாம் வகைப் புயலாக ஜமைக்காவின் தென்மேற்கில் கரையேறிய மெலிசா அதைவிடப் பல மடங்கு கொடியது. சேதம் 880 கோடி டாலர், 2024ஆம் ஆண்டு உற்பத்தியில் சுமார் 41 சதவீதம் என்று உலக வங்கியின் முதல் மதிப்பீடு சொன்னது. குறிப்பிட்ட அளவுக்குப் புயல் அடித்தால் அரசுக்குப் பணம் கிடைக்கும் பேரிடர்க் கடன்பத்திரம் ஒன்றை ஜமைக்கா முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தது. பெரில் புயலின்போது நிபந்தனை பொருந்தாததால் ஒரு காசு வரவில்லை, மெலிசாவுக்கு முழுத்தொகையான 15 கோடி டாலர் வந்தது. சேதத்தோடு ஒப்பிட்டால் சிறுதொகை. ஆனால் 2013இன் ஜமைக்காவுக்கு இப்படி அடிபட்டிருந்தால் யாரும் கடன் கொடுத்திருக்க மாட்டார்கள். இன்று வரிசையில் நின்று கொடுக்கிறார்கள். கடன் மீண்டும் ஏறும், ஆனால் ஏறுவதற்கு இடம் இருக்கிறது.

அப்படியானால் ஜமைக்கா பார்படோஸை எட்டிப்பிடிக்குமா? கணக்கு அவ்வளவு இனிப்பாக இல்லை. ஒழுங்குக்கு வந்த இந்தப் பத்தாண்டிலும் ஜமைக்காவின் சராசரி வளர்ச்சி ஆண்டுக்கு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. கடனைக் குறைப்பது ஒன்று, வளர்வது வேறு. பார்படோஸைவிட ஆண்டுக்கு இரண்டு சதவீதப் புள்ளி வேகமாக வளர்ந்தால்கூட மூன்று மடங்கு இடைவெளி மூட ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆகும். ஒரு புள்ளி வேகமென்றால் நூற்றுப்பத்து. மறுபக்கம் பார்படோஸில் பிறப்பு குறைந்து முதியோர் கூடுகிறார்கள், ஓய்வு வயதை ஏற்ற வேண்டியிருக்கிறது. அதுவும் வேகமாக ஓடப்போவதில்லை. ஜமைக்காவின் பக்கம் நான் உற்றுப் பார்க்கும் எண் பட்ஜெட்டில் இல்லை. 2023இல் அங்கே சுமார் 1,400 கொலைகள் நடந்தன. 2025இல் அது 700க்குக் கீழே வந்தது, முப்பது ஆண்டுகளில் முதல்முறையாக. இது இன்னும் நான்கைந்து ஆண்டுகள் நிலைத்தால், விடுதிச் சுவருக்கு வெளியேயும் பணம் புழங்கத் தொடங்கும். அப்போது ஒரு சதவீதம் என்ற பழைய கணக்கை மாற்றி எழுத வேண்டியிருக்கும்.